பரஸ்தானம் வைத்த பை

1997-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 4-ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகல், யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து ஆஜரான அம்சம், வயது 33, கணவர் பெயர் ரெத்தினம், கீழத்தெரு, கீழமணற்குடி கிராமம், திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடனும் மகள் செம்மொழியுடனும் குடியிருந்து வருகிறேன். விவசாயக் கூலி வேலை செய்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். என் கணவரும் விவசாய வேலைதான் பார்த்து வந்தார். இந்த வருடமும் ஆற்றில் தண்ணீர் விடாததால் குறுவை போடவில்லை. அதனால் பட்டுக்கோட்டையில் ஓர் ஏஜென்ட் மூலம் குவைத்தில் கட்டட வேலைக்கு விசா வாங்கியிருக்கிறார். புதன்கிழமை விடிகாலை மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும் என்றும், செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஊரை விட்டுப் புறப்பட வேண்டும் என்றும் ஏஜென்ட் தகவல் சொல்லி அனுப்பினார்.

மாதமோ ஆடி. கிழமையோ செவ்வாய். காலண்டரைப் பார்த்தால் அன்று வடக்கே சூலம் என்று போட்டிருந்தது, மெட்ராஸும் வடக்கேதான் இருக்கிறது. இதை என் கணவரிடம் சொன்னேன். "குவைத்துக்காரன் நம்ம காலண்டரப் பாத்தா பிளேன் விடுறான்?" என்று சிரித்தார். அவர் சாமி, சாத்திரம் நம்பாத கறுப்புச் சட்டைக் கட்சிக்காரர். நல்ல நேரம், கெட்ட நேரம் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், முடிவெட்டிக்கொள்ளக்கூட ராகு காலம் பார்த்துத்தான் போவார். எங்கள் கல்யாணத்தையே ராகு காலத்தில்தான் வைத்தார். அதில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. நல்ல மனிதர், என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் இத்தனை நாளும் அவர் பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டு வருடம் கண்காணாத இடத்தில் தனியாக இருக்கப் போகிறவரை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

கெட்ட நாளில் பயணம் போக வேண்டி வந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் போகிறவருடைய துணியை எடுத்துக்கொண்டு போய், போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அதற்குப் பரஸ்தானம் வைப்பது என்று பெயர். வைத்த அன்றைக்கே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்படி வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, போகிற வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாம் பெருக்கு, நல்ல நாள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் நானும் மகளும் அடிபம்பில் தண்ணீர் அடித்து வைத்துக் கும்பிட்டோம். அதன் பிறகு என் கணவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய நீல நிற ரெக்சின் பையை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வடக்கே வாய்க்கால் தாண்டி இருக்கும் இருதயசாமி வீட்டுக்குப் போனேன். ஒரு வேட்டி வைத்தாலே போதும். நான்தான், போகிறது வேட்டியா, முழு ஆள் அல்லவா என்று நினைத்துப் பையையே கொண்டுபோனேன். பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். முந்தின நாளே அதைப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் அவர் வைத்துவிட்டது எனக்குத் தெரியாது.

இருதயசாமி டிராக்டர் ஓட்டுகிறவர். மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம். நான் அவரை அண்ணன் என்றும் அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவோம். அவரும் அதே ஏஜென்டிடம் குவைத்துக்குப் போகக் கேட்டிருந்தார், மருத்துவச் சோதனையில் கண் பார்வை சரியில்லை என்று கழித்துவிட்டார்கள். அவர் மனைவி எல்சி அப்போது பூசைக்குப் போயிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, என் கணவருக்குத் தெரிந்தால் கேலி செய்தே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், செவ்வாய்க்கிழமை காலை வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல பெரிய வெள்ளிக்கிழமை ஆணி அடிக்க மாட்டோம் தங்கச்சி. அது மாதிரிதானே இது. குடு" என்று வாங்கிப் பரண்மேல் வைத்தார்.

அதன் பிறகு, மாயவரத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு மகளுடன் பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் தங்கினேன் என்பது உண்மைதான். ஆனால் நான் போனது திருக்கடையூருக்கு. அங்கே அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். இதையும் அவரிடம் சொல்லவில்லை.

இன்று மதியம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எல்சி அண்ணி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். நேற்று மாலை என் கணவர் பையைக் காணாமல் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். இன்று காலை அவர்கள் வீட்டுக்கு விசாரிக்கப் போனவர், பரண்மேல் பை இருப்பதைப் பார்த்துவிட்டார். எப்படி வந்தது என்று கேட்டதற்கு அண்ணன், "கேக்காத மாப்ள. நாளைக்குக் காலையில நானே தரேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைக்காத பயணம் இவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று பாஸ்போர்ட்டை ஒளித்துவிட்டதாக நினைத்து என் கணவர் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். பையையும் அண்ணனையும் இங்கே கொண்டு வந்துவிட்டார்கள். "உங்க வீட்டுப் பை எங்க பரண்மேல எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல அம்சம். அவரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாரு" என்று அண்ணி சொன்னார். கட்டின மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நான் உள்ளே வந்தபோது அண்ணன் சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி" என்றார். அவரை இங்கே உட்கார வைத்ததே நான்தான். அந்த நிலையிலும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். அவர் எதையும் திருடவில்லை. பையைக் கொடுத்தது நான். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள், அவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார். இனி நடந்ததை எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன்.

"ஏன் புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். நீங்கள் சிரிப்பீர்கள் என்று சொன்னேன்.

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சுக்கிட்டே பையை நானே உங்கூடத் தூக்கிட்டு வந்திருப்பேன்" என்றார்.

அதன் பிறகு அண்ணனிடம் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்தான், "சரி, விடு மாப்ள" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு என் கணவர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். உதவி ஆய்வாளர் ஐயா பையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட வேணாங்க. அவருகிட்ட குடுங்க" என்றார்.

"திருடன்னு நீங்க எழுதிக் கொடுத்த ஆளுகிட்டயா?" என்று ஐயா கேட்டார்.

"ஆமாங்க. அவரு வீட்டுலயே இருக்கட்டும். நாளைக்குப் போற வழியில வாங்கிக்கிறேன்" என்று சொன்னார்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. அத்தனையும் நடந்தது நடந்தபடி உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ரெ. அம்சம்