எக்ஸ்மூருக்கு மிளகாய்த்தூள்

"மிளகாய்த்தூள் காரில ஏறினால் நான் ஏறமாட்டன்" என்று ரயிலில் எதிரே இருந்த பெண் கணவரிடம் சொன்னார். வாசிப்பதுபோல் பிடித்திருந்த தடித்த புத்தகத்தை நான் மூடிவிட்டேன்.

"எக்ஸ்மூர் மலையடியில வீடு, முன்னால கடல். படகிலயே நண்டு வாங்கலாமாம். தூளில்லாமல் எப்பிடியப்பா?"

"போன ஹொலிடே முழுக்க நான் குசினியிலதான் நிண்டனான். இந்தமுறை மலையில நடக்கப்போறன்."

"நீர் வடிவா நடந்திட்டு வாரும். நான் சமைக்கிறன்."

அவர் கணவரையே பார்த்தபடி இருந்தார். நான் இறங்கவேண்டிய இல்ஃபோர்ட் வந்து, போயும் விட்டது. பதிலைக் கேட்காமல் எப்படி இறங்குவது?

அடுத்த நிலையமான செவன் கிங்ஸில் இறங்க எழும்பும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப பெரிய சட்டியையும் ஏத்துங்கோ. நடந்திட்டு வந்தால் நல்லாப் பசிக்கும்."