எட்டிப் பார்த்த குருவி

எனக்குக் கத்திக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. எதுவானாலும் மெயில் போட்டுவிடுவேன். அத்தானுக்கும் அன்று போட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் செய்ததாக நீங்கள் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

எங்கள் ஆலையில் பழைய காகிதத்தை அமுக்கிக் கட்டாக்குவோம். பிரஸ் கீழே. அதை ஓட்டுகிற நான் மாடியில், கண்ணாடி அறையில். அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், கீழே ஃபோர்மன். லாரி வருவது, வேலை நிற்பது எல்லாம் மெயிலில்தான் வரும். ஒருவரும் நேரத்துக்குத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மெயில் வந்ததும் திரையின் மூலையில் ஒரு குருவி எட்டிப் பார்க்கும். கீச்சென்று ஒரு சத்தம், பக்கத்திலேயே செய்தி. அது எனக்குப் பெற்ற பிள்ளை மாதிரி என்றால் சிரிப்பீர்கள்.

அத்தான் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரையும் வைத்துக்கொண்டு.

"மாப்ள, உன் குருவி என் மேசையில எச்சம் போடுறதுக்குள்ள கூண்டுல அடைச்சிடு. வேலையத்த வேலை."

லாரி டிரைவர் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றே எல்லாக் கம்ப்யூட்டரிலும் குருவியை நிறுத்தச் சொன்னார். என்னுடையதில் மட்டும் விட்டுவைத்தேன். வீட்டுக்குப் போனால் அங்கேயும், "குருவிக்கு இரை போட்டியா மாப்ள?" அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் ஒருநாள் பிரஸ்ஸுக்குள் கம்பி சிக்கியது. இந்த மாதிரி வேலைக்கு அத்தான் வேறு யாரையும் இறங்க விடமாட்டார். அது அவருடைய நல்ல குணம். பிரஸ்ஸை ஓட்டிப் பார்க்கப் போகிறேன், விலகி நில்லுங்கள் என்று மெயில் அனுப்பினேன். அவர் இறங்கினார். குருவி இருந்திருந்தால் மெயிலைப் பார்த்திருப்பார், அதை நிறுத்தியது அவர்தானே என்று நேற்று வரை உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொத்தானை அழுத்தினேன். "மாப்ள" என்று ஒரு தடவை கூப்பிட்டார். தொடை மாட்டியதும் அமுக்கும் தகடு திணறி நின்றது. கெட்டி அட்டைக்கும் அப்படி நிற்பதுண்டு. பின்னுக்கு இழுத்து மறுபடி விட்டேன். இடுப்பு நொறுங்கியது. மறுபடி விட்டேன். கீழே ஆட்கள் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்கள். கட்டு வெளியே வந்தபோது ஒரு பக்கம் முழுக்க ஊறிச் சொட்டியது. ஈரக் கட்டை எடை போடாதே என்று அத்தான் திட்டுவார், அதனால் ஓரமாக வைக்கச் சொல்லி மெயில் போட்டேன்.

அக்கா இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். "அவரு உன்ன என்னடா பண்ணாரு?" என்றாள். விவரமாகச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பதிலை இன்று காட்டுகிறீர்கள். அது எனக்குப் புதிதில்லை. அவர் இறங்குவதற்கு முன்பே என் திரையில் குருவி எட்டிப் பார்த்தது.

"ஓட்டாத மாப்ள, கம்பிய எடுக்க உள்ள இறங்குறேன். காலைலதான் உன் குருவிய மறுபடி போட்டேன். நல்லாத்தான்டா வேலை செய்யுது."

முழுக்கப் படித்தேன். அவர் உள்ளே இறங்கிக் குனியும் வரை காத்திருந்தேன். ஊரே பார்க்கச் சிரித்துவிட்டு, பாராட்டை மட்டும் என் ஒருவனுக்கு அனுப்பினார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.