ஏழாம் பக்கம்

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். போதும். இன்னைக்கு இந்த வாசகர் வட்டத்துல மைக் கையில கிடைச்சிருக்கு... சொல்லிடறேன்.

'விமர்சனத்தை ஏற்பது எப்படி'ன்னு எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கீங்க. ஆளை விசாரிக்காம கொடுத்துட்டீங்க! என்னை யார் என்ன சொன்னாங்கன்னு தேதியோட ஞாபகம் வெச்சிருக்கிறவன் நான். வரலாறு சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் இல்லையா? அதனால தத்துவம் வேண்டாம். போன மாசம் நடந்த ஒரு சின்ன விஷயம், கதை மாதிரியே இருக்கும்... கேளுங்க.

பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒரு சிற்றிதழுக்கு ஒரு சிறுகதை அனுப்பினேன். ஆசிரியர் பேரு அருணகிரி. ஒரு தபால் கார்டு வந்துச்சு. அதுல மூணே வார்த்தை. 'கதையில் உயிர் இல்லை.' அவ்வளவுதான்! உயிர் இல்லையாம்... ரெண்டு மாசம் தூங்காம எழுதின கதையில!

அந்தக் கார்டைக் கிழிச்சேனா? இல்ல. பத்திரமா வெச்சிருந்தேன். எதுக்கு? ஒரு நாள் வரும்னு.

வந்துச்சு. ஏலகிரியில சனி, ஞாயிறு ரெண்டு நாள் சிறுகதைப் பட்டறை. நடத்துறவர் யாரு? அருணகிரி! உடனே பேரு கொடுத்தேன். அதே கதையை, ஒரு கமா கூட மாத்தாம எடுத்துக்கிட்டேன். கார்டை சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். அவர் வாயால கதையைப் பாராட்டணும்... நான் எழுந்து கார்டை நீட்டணும். இதுதான் திட்டம். இலக்கியம் கத்துக்கப் போனேன்னு நினைச்சீங்களா?

அங்கே ஒரு முறை வெச்சிருந்தாங்க. கதைகள்ல எழுதினவங்க பேரு இருக்காது, கடைசியிலயும் யாருதுன்னு கேக்க மாட்டாங்க. எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு, ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். எடுத்தவர் சத்தமா படிச்சு, முதல் கருத்தும் அவரே சொல்லணும். உங்க கதையே உங்களுக்கு வந்துட்டா, சொல்லிட்டு மாத்திக்கணும்.

நான் எடுத்தேன். எதை எடுத்தேன்?

என் கதையை!

மாத்தினேனா? மாட்டேன். வேற யாராவது மென்னு துப்பிட்டா? என் கதையை என்னை மாதிரி யாரால படிக்க முடியும்? தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன்.

முதல் பக்கம் ஊரோட வரலாறு. ரெண்டாவது பக்கம் அந்த ஊர்க் கோயிலோட வரலாறு. மூணாவது பக்கத்துல தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்... ஒருத்தர் சன்னல் வழியா குரங்கை எண்ணிக்கிட்டிருக்கார். நாலாவது பக்கத்துல நானே ரெண்டு வரியைத் தாண்டிப் படிச்சேன். என் கதையில நானே! அப்படி ஒரு அலுப்பு.

முடிச்சேன். "சொல்லுங்க சார், எப்படி இருக்கு?"ன்னார் அருணகிரி.

நல்லா இருக்குன்னா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம். அந்தப் பயத்துல வாயைத் திறந்தேன்... நிஜம் வந்துடுச்சு. "முதல் அஞ்சு பக்கமும் வெட்டி சார். எழுதினவருக்குக் கதை முக்கியமில்ல, தான் படிச்சவர்னு காட்டணும். எழுத்துல ஒரே மேட்டிமை." நிறுத்த முடியல எனக்கு!

பக்கத்துல எஸ்தர்ராணின்னு ஒரு நர்ஸம்மா. "ஏன் சார் இப்படிக் கடிச்சு வைக்கிறீங்க? எழுதினவர் இந்த ரூம்லதானே உட்கார்ந்திருப்பார்? பாவம், அவர் மூஞ்சி எப்படி இருக்கும்?"

எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்!

அப்போ அருணகிரி கையைத் தூக்கினார். "சார், ரொம்பப் போறீங்க. ஏழாம் பக்கத்தைப் பாருங்க. வேலை போன விஷயத்தை வீட்டுல சொல்லாம, அந்த ஆள் தினம் பார்க்ல போய் உட்கார்றான். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டு வர்றான். பொண்டாட்டி வாங்குறா... கனமா இருக்கு. ஒண்ணும் கேக்காம உள்ளே எடுத்துட்டுப் போறா. இதை எழுதினவன் எழுத்தாளன் சார். இதுல உயிர் இருக்கு."

அதே வார்த்தை... உயிர்! என் கை சட்டைப் பைக்குப் போயிடுச்சு.

அதுக்குள்ள அவரே சொன்னார்: "ஒண்ணு ஒத்துக்கிறேன். ஆபீஸ்ல குவியற கதைகள்ல ரெண்டு பக்கத்துக்கு மேல நான் படிக்கிறதில்ல. எத்தனை பேரோட ஏழாம் பக்கத்தைத் தவற விட்டேனோ..."

கார்டை எடுத்தேனா? எப்படி எடுக்கிறது? அந்தக் கதையைக் கொன்னவனே நான். காப்பாத்தினவர் அவர்! மத்தியானம் சாப்பாட்டுல அவரே எனக்கு ரசம் ஊத்தினார். "கோவிச்சுக்காதீங்க சார்"ன்னார். நல்ல ரசம். ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்.

அருணகிரியை மன்னிச்சுட்டேனான்னு கேப்பீங்க. அவசரப்படாதீங்க... ரெண்டு பக்கம் படிச்சுட்டுத் தீர்ப்பு எழுதினது தப்பு, தப்புதான். ஆனா அஞ்சு பக்கம் அவரை வாசல்லயே நிக்க வெச்சவன் யாரு?

ஏன் சொல்றேன்? இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தர் பையிலயும் அப்படி ஒரு கார்டு இருக்கு. மேலதிகாரி எழுதினது, சம்பந்தி சொன்னது, கூடப் பிறந்தவன் சொன்னது. தூக்கி எறியச் சொல்லல, நானே எறியல. ஒரே ஒரு தடவை, நீங்க செஞ்சதை, யாரோ செஞ்சது மாதிரி, சத்தமா படிச்சுப் பாருங்க. எங்கே அலுக்குது, எங்கே கனக்குதுன்னு உங்க காதே சொல்லிடும். விமர்சனத்தை ஏற்கறதுன்னா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

அஞ்சு பக்கத்தையும் வெட்டிட்டேன். கதை இப்போ அந்த ஆள் பார்க் பெஞ்சுல உட்கார்றதுல ஆரம்பிக்குது. டப்பா ரெண்டாம் பக்கத்துலயே வந்துடுது! இதோ, உறையில போட்டு அருணகிரி விலாசம் எழுதியாச்சு. என் பேரு போட்டா, பட்டறையில அதைத் திட்டின ஆளேதான் எழுதினவன்னு தெரிஞ்சுடும். பாராட்டினாலும் கதைக்கா, எனக்கான்னு சந்தேகம் வரும், திருப்பினாலும் இன்னொரு கார்டு சேரும். பத்திரிகையில வந்தா பார்த்துக்கறேன். வரலைன்னா, அதையும் பார்த்துக்கறேன்.

வெளியே நூலக வாசல்ல தபால் பெட்டி இருக்கு. மைக்கைக் கொடுத்துட்டு நேரா அங்கேதான் போறேன்... பேரு போடாமலே போடப் போறேன்.