வெயிலாச்சி கலக்கின பூச்சி மருந்து

இந்தத் தார் ரோடெல்லாம் வண்டிப்பாதையா கெடந்த காலத்துல, நம்ம பனையூத்துல வெயிலாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்காரிதான். கதை சொல்லும்போது குறுக்க பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிப்புட்டேன். பேசாம கேளுங்க.

வெயிலாச்சிக்குப் புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. கிணத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம், அதுல வெள்ளரி போடுவா. பக்கத்து வீடு அவ தம்பி வீடு. தம்பி பொண்டாட்டி பேரு வடிவு. அவுகளுக்குத் தலைப்புள்ள கோமு. அந்தப் புள்ள ஆத்தாகிட்ட இருந்ததைவிட அத்தைகிட்ட இருந்ததுதான் அதிகம்னு சொல்லுவாக.

அப்போ ஏது மருந்துக்கடை? செடியில பூச்சி விழுந்தா வெயிலாச்சிதான். வேப்பங்கொட்டையை இடிப்பாளாம், பூண்டை அரைப்பாளாம், மாட்டு மூத்திரத்துல கரைச்சு ஊற வைப்பாளாம். ஊர்த் தோட்டம் அம்புட்டுக்கும் அவதான் கலக்கிக் குடுக்கணும். கைராசின்னா அப்படி ஒரு கைராசி. மருந்தடிக்கிற பம்பெல்லாம் கெடையாது. வேப்பங்குழையை ஒரு கத்தையா ஒடிச்சு, பானையில முக்கி முக்கித் தெளிப்பா. தெளிச்சு முடிச்சதும் அந்தக் குழையைத் தோட்டத்து வாசப் படல்ல கட்டிருவா. படல்ல குழை தொங்குனா மருந்து தெளிச்சிருக்கு, ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. அது ஊர்க் கட்டு. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

ஒரு வருசம் வெள்ளரியில வண்டு விழுந்துச்சாம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா நெருங்குது. கொடைக்கு வார கூட்டத்துக்குப் பிஞ்சு வித்தாத்தான் அவளுக்கு அந்த வருசம் கஞ்சி. இடிச்சா, அரைச்சா, கரைச்சா, தெளிச்சா. ம்ஹூம், வண்டு அசையல. மறுக்க இடிச்சா, அரைச்சா, கரைச்சா, தெளிச்சா. அப்பவும் அசையல. இலையெல்லாம் நரம்புதான் மிச்சம். அவளுக்கு ஒரு வெறி வந்துருச்சு. அரளியை ஒடிச்சா, ஊமத்தங்காயைப் பறிச்சா, ரெண்டையும் சேத்து அரைச்சா. மனுசனைக் கொல்லும்னு தெரியாதான்னு கேப்பீக. தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சா. குழைதான் கட்டப் போறமே, யாரு உள்ள வரப் போறா, விக்கிற பிஞ்சு இனிமேதான காய்க்கும்னு நெனச்சிட்டா.

தெளிச்சா, குழையைக் கட்டினா, வீட்டுக்குப் போனா.

அன்னைக்குத்தான் கோயில்ல காப்புக் கட்டு. தெரு பூரா வேப்பங்குழை. வாசல்ல குழை, கிணத்துல குழை, மாட்டுத் தொழுவத்துல குழை. ஊரே குழையா தொங்கும்போது, படல்ல தொங்குற குழையை ஒரு புள்ள என்னன்னு நெனைக்கும்? கொடைக்குக் கட்டினதுன்னுதான நெனைக்கும். இந்தக் கோளாறு ஊர்ல ஒரு பெரிய மனுசனுக்கும் தோணல. அதையும் சொல்லணும்லா. கோமு படலைத் திறந்து உள்ள போயி, மிஞ்சிக் கெடந்த பிஞ்சைப் பறிச்சுத் தின்னுருக்கு.

வாந்தி எடுத்துக்கிட்டே வந்து அத்தை மடியில விழுந்துச்சாம். நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லுச்சாம். வெயிலாச்சி அது கையைப் பிடிச்சு மோந்து பார்த்தாளாம். அவ அரைச்ச மருந்து வாடை அவளுக்குத் தெரியாதா? வைத்தியர் வீட்டுக்கு வண்டி கட்டுனாக. வண்டி ஊர் எல்லையைத் தாண்டல, அதுக்குள்ள புள்ள போயிருச்சு.

கொடை நின்னு போச்சு. வடிவு ஒரு வார்த்தை வையலையாம். வஞ்சிருந்தாக்கூட வெயிலாச்சிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மருந்துப் பானையைக் கிணத்து மேட்டுல போட்டு ஒடைச்சவ, வீட்டுக்குள்ளயே கெடந்தாளாம்.

மறு வருசம் ஊர்த் தோட்டம் பூரா புழு. கத்தரி போச்சு, அவரை போச்சு. மத்தவுக கலக்கிப் பார்த்தாக, செடிதான் கருகுச்சு. ஊர்ப் பெரியவுக வந்து கெஞ்சினாக, கதவைத் திறக்கல.

ஒருநா காலையில வடிவு வந்தாளாம், இடுப்புல ஒரு புதுப் பானையோட. அவ குரல் கேட்டதும் கதவு திறந்துச்சு. பானையை முன்னால வச்சு, "கலக்குங்க மதினி"ன்னாளாம்.

"எந்தக் கையால கலக்க வடிவு? இந்தக் கையாலதான உன் புள்ளையைக் கொன்னேன்."

வடிவு பானையை அவ பக்கம் நகத்தி வச்சாளாம். அப்புறம் சொன்னாளாம், "ஆமா மதினி, உங்க மருந்துதான் கொன்னுச்சு. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஊரு கஞ்சி குடிக்கணும்லா. ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே குழையை நம்பாதீங்க. என் புள்ளைக்குச் செத்துப் போனதுகூடத் தெரியாது, இன்னும் உங்க தோட்டத்துலதான் சுத்திக்கிட்டு இருக்கும். தெளிக்க முன்னால அதைக் கூப்பிட்டுச் சொல்லிருங்க."

வெயிலாச்சி இடிச்சா, அரைச்சா, கரைச்சா. அரளியைத் தொடல. ரெண்டு பேரும் பானையைத் தூக்கிட்டுப் படலுக்குப் போனாகளாம். வெயிலாச்சி குழையைப் பானையில முக்காம கையில வச்சுக்கிட்டே நின்னாளாம். வடிவுதான் முதுகைத் தடவிக் குடுத்தாளாம். அப்புறம் கூப்பிட்டா: "கோமு, அத்தை மருந்து தெளிக்கேன். தள்ளிப் போ தாயி." கூப்பிட்டவ அப்படியே மண்ணுல உக்காந்துட்டாளாம்.

சாகுற வரைக்கும் அவ கூப்பிட்டா. அவளைப் பார்த்து ஊரு கூப்பிட்டுச்சு. இன்னைக்கும் நம்ம ஊர்ல முதுகுல பம்பு மாட்டினவன்கூட, படல்ல நின்னு "கோமு, தள்ளிப் போ தாயி"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தான் உள்ள எறங்குதான். வாக்கப்பட்டு வந்த பிள்ளைக கேக்கும், அது யாரு, உங்க மகளான்னு. ஆமான்னுதான் சொல்லுவோம். கூப்பிட்டதும் ஒடனே தெளிக்க மாட்டோம். சின்னப் புள்ள பாருங்க, நடந்து வெளிய வர நேரம் ஆகும்லா.