கிளியம்மாளுக்குக் கோதுமை ஆகாது

...அத்த ஏன் கேக்குற கண்ணு, ஒடம்பு சரியில்லன்னு ஒரு நாளு படுத்தா போறும், ஊரே பிரெட்டு பாக்கெட்ட தூக்கினு வந்துடுது! மனுசங்களா இவுங்க? நான் இன்னா சொன்னேன்? எனுக்கு கோதுமை ஆகாது, மைதா ஆகாது, ரவ ஆகாது. டாக்டரு சீட்டுல எயுதியே குட்த்துகிறாரு. கோவளம் குப்பத்துல ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு சொல்லிட்டு வந்தேன். அப்போ தலய தலய ஆட்டிகினாளுங்க. சாயங்காலம் பாரு... ஒர்த்தி பன்னு வாங்கினு வரா, ஒர்த்தி ரஸ்க்கு வாங்கினு வரா. எதுத்த வூட்டு செல்லியம்மா பார்லி பாக்கெட்டு! ஏண்டி, அதுவும் ஆகாதாண்டின்னா, "தண்ணியா காச்சி குடிச்சா ஒண்ணும் பண்ணாது கிளி"ங்கிறா. இவ பெரிய டாக்டரு!

இன்னாத்துக்கு நிக்கிற? குந்து கண்ணு, தோ அந்த ஐஸ் பொட்டி மேல குந்து. கேளம்பாக்கம் மார்க்கெட்ல கிளியம்மா கடைக்கு வந்தவங்க நின்னுகினே போனாங்கன்னு பேரு வரக்கூடாது. இந்த சங்கராவ பாரு. கண்ணப் பாரு, இன்னும் முயிச்சிகினு கீது. காத்தால கரையேறுன மீனு. இத்ததான் உனுக்கு எடுத்துகிறேன். நீ ஒண்ணும் பேசாத, செதிலு எடுத்து, துண்டு போட்டு, ஷோக்கா கட்டித் தரேன். இன்னா? ...இரு, இரு. தல வேணுமான்னுதான கேக்கப் போற? தலையோடதான் தருவேன். தல இல்லாம ஒரு கொயம்பா?

எங்க வுட்டேன்... ஆங், பன்னு.

ஒரு வருசமா இந்த வயித்தோட பேஜாரு கண்ணு. துன்னாலும் உப்புது, துன்னலன்னாலும் உப்புது. காத்தால எந்திரிச்சா மனுசி, சாயங்காலமானா பலூனு. பஸ்ஸுல ஏறுனா எந்திரிச்சி எடம் குடுக்கறாங்க! நான் மாசமா கீறனாம்! அம்பத்திரெண்டு வயசுல! மானம் போச்சு. நானும் குந்திக்கினேன், அது வேற விசயம்.

வாயெல்லாம் புண்ணு. முட்டியில வலி. கூடயத் தூக்குனா கண்ணு இருட்டுது. மந்திரிச்சி பாத்தாச்சு, வெளக்கெண்ண குடிச்சாச்சு. கடசில எம் மருமவ கீதே, தீபலட்சுமி, பன்னண்டாவது வரைக்கும் படிச்சவ, அவதான் ரோட்டு மேல கீற பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா. அங்க வாய் வயியா டியூப்ப வுட்டு, கொடல்ல ஒரு கிள்ளு கிள்ளி எடுத்து, அத்த கண்ணாடில வெச்சி பாக்கறாங்க. நெனச்சிப் பாரு. முப்பது வருசமா மீனு கொடல உருவிப் போட்டவ நான். எங்கொடல ஒர்த்தன் எடுத்துப் பாக்கறான். மீனுங்க வுட்ட சாபம் சும்மா வுடுமா?

பாத்துட்டு சொல்றாரு, "யம்மா, கோதுமைல ஒரு பச கீது, அது உங்க கொடலுக்கு ஆகல. கொடலு வயவயன்னு ஆயிடுச்சி, அதான் துன்றது ஒடம்புல ஒட்டல, ரத்தம் ஊறல. இதுக்கு மாத்திர மருந்து கெடையாது. ஆயுசுக்கும் கோதுமய தொடாதீங்க, தானா சரியாயிடும். அரிசி, கேவுரு, கம்பு, மீனு, எல்லாம் துன்னுங்க"ன்னாரு.

எனுக்கு சிரிப்பு வந்துச்சி. நான் யாரு? கேவுரு கூயும் கருவாடுமா வளந்தவ. ஆடி மாசம் அம்மனே எனுக்காகத்தான் கூயு ஊத்தறா. கோதுமைக்கும் எனுக்கும் இன்னா ஒறவுன்னு எந்திரிச்சி வந்துட்டேன். வெளிய டீக்கடைல ஒரு டீ சொல்லிட்டு கண்ணாடி பாட்டில்ல கைய வுட்டேன் பாரு... வர்க்கி! கைய அப்டியே புடிச்சிக்கினா மருமவ. "அத்தே, அது மைதா"ங்கிறா.

வர்க்கி கண்ணு! காத்தால நாலு மணிக்கு கரைக்கு போவ சொல்ல, டீல முக்கி எடுத்தா, அது பாதி ஒடஞ்சி கிளாசுக்குள்ள வுயும், மீதி பாதி வாய்க்குள்ள கரையும்... சுனாமி வந்து வூட்ட வாரிகினு போனப்ப நான் அயல. கட்டுமரத்த தேடிகினு தெகிரியமா நடந்தவ. அன்னிக்கு அந்த டீக்கடைல நின்னு அயுதேன். எம் புருசன் போனாகூட அப்டி அய மாட்டேன். அவுரு குத்துக்கல்லாட்டம் உசுரோடதான் கீறாரு, அது வேற விசயம்.

இன்னாத்துக்கு கைய ஆட்ற? ஈ மொய்க்குதா? தோ, இந்த அட்டய வெச்சி வீசிக்க. முடிஞ்சிது, முடிஞ்சிது, செதிலு மட்டுந்தான் எடுத்துகிறேன், இன்னும் வயித்த கீறணும்.

அவுரப் பத்தி சொல்லணுமே... பொன்னுரங்கம். எம் புருசன். அவுருக்கு சக்கர. அவுரு டாக்டரு இன்னா சொல்லிட்டாரு தெரிமா? அரிசிய கொற, ராத்திரிக்கு சப்பாத்தி துன்னுன்னுட்டாரு! ஒரே வூட்ல ரெண்டு டாக்டரு. ஒர்த்தரு கோதுமைய தொடாதங்கிறாரு, ஒர்த்தரு கோதுமையே கதின்னு கெடங்கிறாரு. அந்தாளு எம் முன்னாடி குந்திகினு சப்பாத்திய பிச்சி பிச்சி நண்டு கொயம்புல தொட்டு... என்னப் பாத்து "சப்பாத்தில உப்பு கம்மியா கீதுல்ல?"ங்கிறாரு. எனுக்கெப்டி தெரியும்!

மருமவதான் ரெண்டு பேருக்கும் சமைக்கறா. ரெண்டு தோசக்கல்லு வாங்கிட்டா. என் கல்லுக்கு காம்புல செவப்பு துணிய கட்டி, தனியா ஆணில மாட்டி வெச்சிகிறா. கரண்டிக்கும் செவப்பு துணி. டப்பாங்களுக்கும் செவப்பு துணி. நான் இன்னா தீட்டா, தனியா மாட்டி வெக்க? கேட்டா, "அந்த மாவு தூசிகூட ஒங்களுக்கு ஆகாதுத்தே"ங்கிறா. அவுருக்கு சப்பாத்தி போட்டா கைய மூணு தபா கயுவறா. நாடகம்! ஏன் நாடகம்ங்கிறேன்? ரெண்டு மாசமா வர்க்கி இல்ல, பரோட்டா இல்ல, கோயில்ல கேசரி குட்த்தா கண்ண மூடிகினு வந்துட்டேன். ஆனா வயிறு? அப்டியேதான் கீது! தோ பாரு, தட்டிப் பாரு, மோளம் மாரி கேக்கும். அப்போ எங்கருந்து வருது கோதுமை? வூட்ல ஆரு சமைக்கிறா? நீயே சொல்லு.

நீ சொல்லாட்டி நான் சொல்றேன். அவதான் கலக்கறா!

அது மட்டுமில்ல கண்ணு. என் மருந்த ஒளிச்சி வெச்சா! வயித்து உப்புசத்துக்கு நம்ம பெரியவங்க இன்னா சொல்லிகிறாங்க? பெருங்காயம். மோர்ல பெருங்காயத்த போட்டு குடிச்சா வாயு கம்னு எறங்கிடும். டாக்டருக்கு தெரியாது இதெல்லாம். நான் மூணு வேளைக்கும் ஒரு சொம்பு மோரு, அதுல ஒரு ஸ்பூனு பெருங்காயம், அப்புறம் ராத்திரி படுக்க சொல்ல ஒண்ணு. ஒரு நாளு டப்பாவக் காணோம்! தேடு தேடுன்னு தேடுனா, அரிசி மூட்டைக்கு பின்னால கீது. மறுநாளு பரண் மேல. இன்னொரு நாளு அவ பொடவைக்கு நடுவுல! இன்னாத்துக்குடி ஒளிக்கிறன்னேன். "அத்தே, அந்த டப்பாவுல..."ன்னு ஆரம்பிச்சா. டப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசாதன்னு நான் ஒரு மணி நேரம் பேசனேன்.

மூணு தபா ஆரம்பிச்சா கண்ணு, மூணு தபாவும் அமுக்கிட்டேன். எங்கிட்ட நடக்குமா?

போன ஞாயித்துக்கெயம தெருவுல நின்னு கேட்டுட்டேன். "கோதுமைய கலந்து மாமியார கொல்லப் பாக்கறாளே, கேக்க நாதி இல்லியா"ன்னேன். குப்பமே கூடிடுச்சி. அவ உள்ள போனா. பையத் தூக்கினா. ஏயு மாசம் வேற. பள்ளிக்கரணைல அவ அம்மா தனத்து வூட்டுக்கு போயிட்டா. போவ சொல்லகூட என் தோசக்கல்ல கயுவி மாட்டிட்டுத்தான் போயிகிறா, பாரு எவ்ளோ அயுத்தம்!

அடுத்த வாரம் வெள்ளிக்கெயம வளகாப்பு. பந்தலுக்கு சொல்லியாச்சு, வளையலு நூத்தியெட்டு வாங்கியாச்சு. யார் கையில போட்றது? எங்கையிலயா? வயித்தப் பாத்தா பொருத்தமாத்தான் இருக்கும்! எம் புள்ள குணா நாலு நாளா கடலுக்கு போவல. வலைய மடில போட்டுகினு குந்திகினு கீறான். "நீ போயி கூப்டாத்தான் வருவா, ஆனா நீ போனா பேசித் தொலைப்ப"ங்கிறான். அவங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: அவ போயி நாலு நாளாச்சே, வயிறு ஏண்டா இன்னும் ஜாஸ்தி உப்புதுன்னு. அவ கலந்தது அவ்ளோ வீரியம்! ஆளு போயும் வயித்துல நிக்கிது!

தலையில அடிச்சிகினான் அவன்.

தோ, இதான் அந்த டப்பா. இப்போல்லாம் மடியிலயே முடிஞ்சி வெச்சிக்கறேன். எட்த்துப் பாரு, மோந்து பாரு, வாசன எப்டி கீது! கூட கொஞ்சம் கைல கொட்டிக்க, வாயுக்கு நல்லது. இன்னா படிக்கிற? அது பொடி எயுத்து, கம்பெனிக்காரன் பேரு எதுனா இருக்கும். இன்னா? ...சொல்லு... இல்ல, அது பெருங்காயம் கண்ணு. பெருங்காயத்துல எப்டி கோதுமை இருக்கும்? பெருங்காயம்ன்னா அது ஒரு செடி பாலு. நீ கண்ணாடிய தொடச்சிட்டு படி.

...மொதல்லயே போட்டுகீதா? பேருக்குதான் பெருங்காயமா? சேத்து கட்றதுக்கு மாவா? இன்னா மாவு?

இன்னொரு தபா படி.

...மெதுவா படி.

அடிப்பாவி. அடிப்பாவி கிளி! ஒரு நாளைக்கு நாலு ஸ்பூனு. மருமவ தூசிகூட ஆகாதுன்னா, நான் மோர்ல கரைச்சி குடிச்சிகினு கீறேன்! வர்க்கிய வுட்டுட்டு மைதாவ ஸ்பூன்ல துன்னுகிறேன்! உப்பிச்சின்னு குடிச்சேன், குடிச்சதால உப்பிச்சி, அது உப்பிச்சின்னு இன்னொரு சொம்பு!

அதாங் கண்ணு அவ ஒளிச்சி வெச்சா. படிச்சிகிறா. படிச்சிட்டு சொல்ல வந்துகிறா. "அந்த டப்பாவுல..." அவ்ளோதான் சொல்ல வுட்டேன். இன்னும் ரெண்டே ரெண்டு வார்த்த. அத்த சொல்ல வுட்டிருந்தா... புள்ளத்தாச்சிய தெருவுல நிக்க வெச்சி கொலகாரின்னனே. எனக்காக கல்லுக்கு துணி கட்ன பொண்ண. கைய மூணு தபா கயுவுன பொண்ண. தோ பாரு, கண்ணுல தண்ணி. செதிலு பட்டுதுன்னு நெனக்காத, மெய்யாலுமே அயுவுறேன்.

இந்த வாய் கீது பாரு, இத்ததான் கண்ணு டாக்டரு மொதல்ல கிள்ளி பாத்துருக்கணும்.

சரி. முடிவு பண்ணிட்டேன். இப்பவே பள்ளிக்கரணைக்கு போறேன். தனத்து வூட்டு வாசப்படில குந்திப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். அவ திட்டட்டும், நாலு நாளு திட்டட்டும், நான் கேட்டுக்கினே இருப்பேன். இந்த சங்கரா அவளுக்குத்தான் போவுது, கோச்சிக்காத. சங்கரா கொயம்புன்னா அவளுக்கு உசுரு, மாசமா ஆனதுலருந்து கேட்டுகினே கீறா. உனுக்கு நாளைக்கு இத்தவிட பெருசா எடுத்து வெக்கறேன்.

இன்னா கண்ணு? நீ கூட வந்ததுலருந்து எதோ சொல்லணும் சொல்லணும்ன்னு வாய வாய தொறந்துகினு கீற. கைய வேற ஆட்டன. வாட்ச்ச வேற பாத்த. சொல்லு. இதான் எனுக்கு மொத பாடம். நான் வாய மூடிகினேன் பாரு. ம். சொல்லு.

...

இன்னாது? மீனே வேணாமா?

...வயி கேக்கத்தான் வந்தியா? பள்ளிக்கரணைக்கு பஸ்ஸு எங்க நிக்கும்ன்னு கேக்க வந்த பொண்ண புடிச்சி ஐஸ் பொட்டி மேல குந்த வெச்சிட்டனா! நீ சைவமா? அய்யோ, சைவப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா மீன ஆட்டிகினு... ரெண்டு பஸ்ஸு வேற போயிடுச்சா?

வுடு கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான். நானும் பள்ளிக்கரணைதான போறேன்! சோயிங்கநல்லூர்ல எறங்கி மாறணும், எப்டியும் ஒரு மணி நேரம் ஆவும். ஒண்ணா குந்திகினு போலாம். பயப்படாத, நான் பேசவே மாட்டேன். தீபலட்சுமி கைல இன்னா சொல்லணும்ன்னு மட்டும் உங்கிட்ட ஒரு தபா, ஒரே ஒரு தபா சொல்லிப் பாத்துக்கறேன். மொதல்லருந்து சொன்னாத்தான் கோர்வையா வரும்... அந்த பன்னு வாங்கினு வந்தாளுங்களே, அங்கருந்து...

ஏ கண்ணு! கண்ணு! இன்னாத்துக்கு ஓடற? பஸ்ஸு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!