பத்தரைக் கோச்சியில் போகும் கரியர்

சாவகச்சேரி ரயில் ஸ்ரேசனில் பத்தரைக் கோச்சிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் சாப்பாட்டுக் கரியர். யாழ்ப்பாணத்துக் கந்தோரில் வேலை பார்க்கும் புருசனுக்கு அதைத் தினமும் கோச்சியில் அனுப்புகிறவள். பின்னேரம் அவர் வெறுங்கரியரோடு வருவாராம்.

“மூண்டு நாளாக் கரியர் கழுவி வருகுது, அக்கா.”

“நல்லது தானே பிள்ளை. உனக்கு வேலை மிச்சம்.”

“இருபது வருசத்திலை அவர் தன்ரை தேத்தண்ணிக் கோப்பையே கழுவினதில்லை.”

“கந்தோர்ப் பியோன் கழுவியிருப்பான்.”

“பியோன் வாசச் சவுக்காரம் போட்டே கழுவுறவன்?”

கோச்சி வந்து நின்றது. கார்ட் வழக்கம்போலக் கையை நீட்டினார். இளையவள் கரியரைக் கொடுக்காமல் தானே ஏறினாள்.

“அங்கை போய் என்ன கேக்கப்போறாய்?”

“ஒண்டும் கேக்கமாட்டன், அக்கா. அவர் சாப்பிட்டு முடியக் கரியரை எடுக்க ஆர் வருகினம் எண்டு மட்டும் பாக்கிறன்.”