வீட்டுல காய்ச்சுற தண்ணி

இல்லைங்க டாக்டரம்மா, நான் உக்கார மாட்டேன். உக்காந்தா அழுதுடுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போயிடும். இந்த ஃபிளாஸ்க்கை மட்டும் உங்க மேஜையில வச்சுக்கறேன். இதாங்க அந்தத் தண்ணி. எங்க வீட்டுக்காரரு தினமும் குடிக்கிறாருன்னு எழுதி, ஈரல் மாத்துற ஆபரேஷனை நிறுத்தி வச்சிருக்கீங்களே, அந்தத் தண்ணி.

மூடியைத் திறக்கறேன், மோந்து பாருங்க. ஒரே ஒரு தடவை. புதினா வருதா? பின்னாடியே லேசா தொண்டையில ஏறுதே, அது இஞ்சி. சாராயத்துல இப்படி வாசனை வருமா, நீங்களே சொல்லுங்க.

எப்படிப் பண்றேன்னும் சொல்லிடறேன், அப்பதான் நம்புவீங்க. மொட்டை மாடியில பழைய பெயிண்ட் வாளிங்க வச்சிருக்கேன். இவரு லிஃப்ட் மெக்கானிக்குங்க, வேலை நடக்குற கட்டடத்துலேர்ந்தெல்லாம் தூக்கிட்டு வருவாரு. அதுல புதினா, துளசி, ஓமவல்லி, எலுமிச்சைப்புல்லு. வெயில் ஏறதுக்கு முன்னால கிள்ளிடணும், இல்லைன்னா இலை துவண்டுபோகும். இஞ்சியை நசுக்கி, புல்லை முடிச்சுப் போட்டு, அது ரெண்டையும்தான் கொதிக்க விடணும். மத்ததெல்லாம் அடுப்பை அணைச்சப்புறம் போட்டு மூடி வைக்கறது. ஓமவல்லி மட்டும் பாத்துப் போடணும், கூடிப்போச்சுன்னா அது ஒண்ணுதான் தூக்கலா நிக்கும். பக்கத்து வீட்டு தையக்காரி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு தளதளன்னு கொதிக்க வச்சுட்டு, ஏன்டி இப்படிக் கசக்குதுன்னு எங்கிட்ட வந்து கேக்கறா.

ஆமாங்க, நிறுத்தியாச்சு. வயித்துல நீர் கோத்துக்கிட்டப்பவே இலை தழை எதுவும் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னிலேர்ந்து ஒரு சொட்டு குடுக்கல. இது மருந்துன்னு நான் சொல்ல வரலைங்க. இன்னிக்கு உங்களுக்குக் காட்டத்தான் காய்ச்சினேன்.

அந்தச் சின்ன டாக்டர் தம்பி மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். கட்டில் பக்கத்துல வந்து நின்னு, தண்ணிப் பழக்கம் உண்டான்னு கேட்டுச்சு. இவரு உண்டுன்னாரு. எவ்வளவு நாளா? கல்யாணம் ஆனதுலேர்ந்து. தினமுமா? தினமும், வெறும் வயித்துல ஒரு டம்ளர். தம்பி எழுதறதை நிறுத்திட்டு நிமிந்து பாத்துச்சு. எங்க வாங்குவீங்கன்னு கேக்குது. வாங்குறதா, எதுக்கு, வீட்டுலயே காய்ச்சுறதுதான், என் பொண்டாட்டி கை தேர்ந்தவன்னு இவரு சொல்றாரு. அந்தத் தம்பி திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பெருமையா சிரிச்சேன். பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேங்க. எனக்கு அப்ப மண்டையில ஏறவே இல்ல.

இப்ப, ஆறு மாசம் குடிக்காம இருந்து காட்டுங்கன்னு சொல்றாங்க. ஆறு மாசத்துக்கு அவரு எங்க போவாரு? கண்ணுல வெள்ளையே இல்ல, அத்தனையும் மஞ்சள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்துலயெல்லாம் மாடி மாடியா ஓடினவரு, இன்னிக்குக் கட்டில்லேர்ந்து பாத்ரூம் போக என் தோளைப் பிடிச்சுக்கறாரு. அதிகமா போனா ஒரு மாசம்னு நீங்கதான் போன வாரம் சொன்னீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. ராத்திரியெல்லாம் அவரு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கிடக்கறேன்.

ஈரல் குடுக்கறதா? எங்க மகதாங்க. ஒரே மக. எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு, பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க. வெளிய பெஞ்சுல நீலச் சட்டை போட்டுக்கிட்டு தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கே, அதான்.

அவரே ஏன் எடுத்துச் சொல்லலைன்னா...

இல்லைங்க. அவரைக் கூப்பிட்டுக் கேக்க வேணாம். தயவு பண்ணி வேணாம். நேத்து மக போயி, அப்பா, டாக்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, நான் போய் சொல்லிட்டு வரேன்னா. அதுக்கு அவரு, தப்பா எழுதல, நான் நிஜமாவே குடிச்சவன்தான், வேலை செய்யற எடத்துல, உங்கம்மாவுக்குத் தெரியாமன்னு சொல்லிட்டாரு. அவ நம்பிட்டா. அதுலேர்ந்து அப்பா முகத்துல முழிக்க மாட்டேங்கறா.

அவரு தொட்டதே இல்லைங்க. கூடவே படுத்து எழுந்திருக்கறவ, எனக்குத் தெரியாதா. ஏங்க இப்படிச் சொன்னீங்கன்னு கேட்டா சிரிக்கறாரு. இந்தப் புள்ளை வயித்துல கத்தி வைக்க விட்டுட்டு நான் எழுந்து நடக்கணுமா, அந்தத் தம்பி தண்ணின்னு கேட்டதும்தான்டி வழி கிடைச்சுதுங்கறாரு.

மகளும் எனக்குப் பெத்த புள்ளைதானே. ஆனா அப்பா மேல அத்தனை கோவத்துலயும் அவ குடுக்கறேங்கறா, நீங்களும் அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறீங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவரை நான் கெஞ்சியாவது சம்மதிக்க வைக்கறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அதுவரைக்கும் அவருகிட்ட தண்ணியைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க டாக்டரம்மா. உங்க முன்னாடியும் அதையே சொல்லிட்டாருன்னா, நீங்களும் எழுதித்தானே ஆகணும்.